எத்தனை பர்சென்ட், மேடம்?

போன வாரம் மிருதுளா போன் பண்ணினாள். நான் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். துபாயில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகளில் டாக்டராக ஆசைப்படுபவர்களின் ஃபைலைப் பார்த்து, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை.

"மேடம், புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. மார்க் எல்லாத்தையும் உள்ள போட்டா, சான்ஸ் எத்தனை பர்சென்ட்னு ஸ்க்ரீன்ல வந்துடுது. பிள்ளைங்க எதிர்லயே உக்காந்து அந்த நம்பரைப் பாத்து அழறாங்க. நீங்கல்லாம் எப்படி மேடம் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டது சின்னக் கேள்வி. என் பதில் அவ்வளவு சின்னதாக இல்லை.

ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. துபாய்க்குக் கிழக்கே, கடற்கரை ஊரான புஜைராவில் மகள் பிரின்ஸி வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாவது மாடி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பால்கனிக் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், தூரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்பது தெரியும். துறைமுகத்துக்குள் கூப்பிடும்வரை நாள்கணக்கில் அப்படியே நிற்கும். வெயில் ஏற ஏறக் கடலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும். கப்பல்கள் அந்தரத்தில் மிதக்கும். கண் பாதி மூடும். அந்த நேரத்தில்தான் என் பிள்ளைகள் வருவார்கள். முகம் வரும், உட்கார்ந்த விதம் வரும், பேர் மட்டும் வராது. ஆனால் மார்க் வந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் ஒரு நாள் தாடி வைத்த ஒருவன் "ஆன்ட்டி, என்னைத் தெரியுதா?" என்று கேட்டான். "பிசிக்ஸ்ல சி வாங்கினவன்தானே நீ" என்றேன். பாவம், அவன் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, துபாய் கராமாவில் ஒரு பெட்ரூம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். முதல் ஐந்து வருஷம் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் தவளைகளோடு போனது. மேல் மாடியில் இந்த அலுவலகத்தில் இருந்த ஒருவர் லீவில் போனார், பத்து நாள் அவர் இடத்தில் இரு என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மகனோடு வந்து, "எத்தனை பர்சென்ட் சான்ஸுங்க?" என்று குடைந்துகொண்டே இருந்தார். பையன் மார்க் பிரமாதம். "நூத்துக்குத் தொண்ணூறு உறுதி சார்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே கராமாவில் ஒரு ஹோட்டலில் அவர் நண்பர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. லிஸ்ட் வந்தபோது பையன் பேர் இல்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்த ஹோட்டல் வாசலைத் தாண்ட வெட்கப்பட்டு, பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தேன்.

இதைக் கேட்ட என் மேலதிகாரி திட்டவில்லை. "மிஸஸ் ரெஜினா, பர்சென்ட் என்பது நூறு பேருக்கான கணக்கு. உன் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒருவன்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் இத்ரீஸ் என்று பேர். சூடான்காரர். ஒரு காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவர். கையில் நடுக்கம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தார். பழைய பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு ஃபைலைத் திறப்பதற்கு முன்னும் அறை மூலையில் இருந்த தொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். விரல் விரலாகத் துடைப்பார். பிறகுதான் நாற்காலிக்கு வருவார். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் போனதும், அவர் கழுவி முடிக்கும்வரை நானும் மூச்சடக்கி நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

ஃபைலில் ஐந்து பகுதி இருக்கும். மார்க், நுழைவுத் தேர்வு, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடவே இருந்து பார்த்த மணி நேரம், பேராசிரியர்களின் கடிதம், பிள்ளை தானே எழுதிய கட்டுரை. மார்க்கை எல்லோரும் முதல் செமஸ்டரிலிருந்து பார்ப்போம். அவர் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பார். இன்றைய காய்ச்சலைத்தானே முதலில் பார்க்க வேண்டும் என்பார். எங்கேயாவது மார்க் இறங்கியிருந்தால் அங்கே விரலை வைத்து, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார். கதை விட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். மூன்று செமஸ்டருக்கு மூன்று பெரியப்பாக்களைச் சாகடித்த ஒருவன் இருந்தான். "உன் குடும்பத்தில் பெரியப்பாவாக இருப்பது ஆபத்தான வேலை" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினார்.

எல்லாம் பார்த்த பிறகு முதல் தாளில் பென்சிலால் எழுதுவார். மூன்றே தீர்ப்புதான். போகலாம். காத்திருக்கலாம். வேறு வழி பார்க்கலாம். எழுதும் முன் அதைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். மாணவருக்குத் தெரியாத எதுவும் ஃபைலுக்குத் தெரியக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஃபைலுக்கு மட்டுமல்ல, அந்த அறையில் இருக்கிற யாருக்கும்.

அதனால்தான் பெற்றோரைக் காரிடாரில் உட்காரவைத்துவிடுவார். நம் ஆட்களுக்கு இது தாங்கவே தாங்காது. பிள்ளையைப் பார்த்து உனக்கு எதில் கஷ்டம் என்று கேட்டால், "அவனுக்கு கெமிஸ்ட்ரி கொஞ்சம் வீக் சார்" என்று அப்பா பதில் சொல்லித்தானே பழக்கம்? காரிடாரில் ஒரு டீ மெஷினும் நாலு நாற்காலியும் உண்டு. அங்கே உட்கார்ந்து கதவை முறைத்த அப்பாக்களின் பார்வைக்கு, அந்தக் கதவு எப்போதோ எரிந்திருக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் யாரும் சொல்லாமலே போய் அங்கே உட்கார்ந்தார். அவர் பேர் அமலதாஸ். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓமானில், சோஹாரில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஆப்பரேட்டர். மனைவி ஸ்டெல்லா அங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஒரே மகள் ஜெனிட்டா எங்களிடம் பயாலஜி படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். நான் ஏதோ தாள் எடுக்க வெளியே வந்தபோது எழுந்து நின்றார்.

"எத்தனை பர்சென்ட், மேடம்?"

"அப்படியெல்லாம் சொல்றதில்லை அண்ணாச்சி."

"சும்மா ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன ஜெபம் பண்ணணும்லா. கூட இருந்தா சாதாரணமா பண்ணிக்கிடலாம். கொறஞ்சிருந்தா முழங்கால்ல நிக்கணும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முழங்கால்லயே நில்லுங்க" என்றேன். சரி மேடம் என்று நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வரும். ஸ்டெல்லா போனில் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் கடற்கரையில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் பாதி காரியம் முடிந்த மாதிரி. எனக்கும் அது பிடித்திருந்தது. இந்த ஊரில் என்னை யார் அக்கா என்று கூப்பிடுகிறார்கள்?

ஜெனிட்டாவின் மூன்றாம் செமஸ்டரில் டாக்டரின் விரல் நின்றது. "அழுதுக்கிட்டே இருந்தேன் சார். வீட்டை விட்டு வந்தது பிடிக்கல. வேற காரணம் இல்ல" என்றாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். ஆனாலும் தாளில் காத்திருக்கலாம் என்றே எழுதினார். இன்னும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் அனுபவம் சேர்த்துக்கொண்டு விண்ணப்பித்தால் நிச்சயம் என்றார்.

காத்திருக்க அவளுக்கு வழியில்லை. அந்தக் கோடையோடு அமலதாஸின் காண்ட்ராக்ட் முடிகிறது. குடும்பமே ஊருக்குத் திரும்பப்போகிறது. இந்த வருஷம் இல்லையென்றால் இல்லை. ஐந்து கல்லூரிக்கு எழுதினாள். நாலு கைவிரித்துவிட்டது. ஒன்று மட்டும் ஒரு வியாழக்கிழமை இண்டர்வியூவுக்கு வரச் சொன்னது. டாக்டர் ரப்பரை எடுத்து, எழுதியிருந்ததை அழித்து, இடத்தை வெறுமையாக விட்டார். "அன்று அவள் வாயிலிருந்து வருவதுதான் பாக்கி" என்றார்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"அக்கா, அவுங்க கிரேன்ல இருந்து இறங்கும்போதே விழுந்துட்டாங்க. மூளைல ரத்தம் கசிஞ்சிருக்கு. ஐசியுல வச்சிருக்கு. நான் நர்ஸுலா, எனக்குத் தெரியுது அக்கா."

"பிள்ளையை உடனே அனுப்புறேன்" என்றேன்.

"வேண்டாம்! வேண்டாங்கா. வியாழக்கிழமை இண்டர்வியூ முடியட்டும். இதுக்காகத்தான அந்த மனுசன் இத்தன வருசம் கிரேன்ல தொங்குனாரு? அதுவரைக்கும் பிள்ளைட்ட சொல்லிராதீங்க. ஹாஸ்டல்ல தனியா விட்டா ஊர்க்காரங்க யாராவது மெசேஜ் போட்ருவாங்க. நீங்க கூட வச்சிக்கிடுங்க அக்கா. உங்க தங்கச்சியா நெனச்சிச் செய்யுங்க."

கல்ஃபில் இருக்கிற நம் குடும்பங்களில் இது எழுதாத சட்டம். பரீட்சை முடியட்டும், பயணம் முடியட்டும், லீவு கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம். என் சொந்தத் தம்பிக்கு அம்மை போட்டு மோசமாக இருந்ததை எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். தூரத்தில் இருப்பவர்கள் துடித்துப்போவார்களே என்ற அன்பில் வருவது அது. அந்த அன்பை நானும் சாப்பிட்டு வளர்ந்தவள். சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. என் வேலையையே அதற்குக் கருவியாக்கினேன். ஜெனிட்டாவைக் கூப்பிட்டு, "இண்டர்வியூவுக்கு முந்தின இரண்டு நாள் போன் இல்லாமல் இருக்க வேண்டும், மனசு அலையக் கூடாது, இது எங்கள் ஆபீஸ் முறை" என்றேன். அப்படி ஒரு முறை எந்தக் காலத்திலும் கிடையாது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த நான் சொன்னதால் அவள் நம்பினாள். போனை அணைத்து என் கையில் கொடுத்தாள். அதை என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

அன்று மத்தியானம் மாதிரி இண்டர்வியூ. வழக்கம்போல டாக்டர் இத்ரீஸும் நானும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்க வேண்டும். ஆறாவது கேள்வியை அவர் கேட்டு முடித்தார். ஏழாவது என் பங்கு. என் பார்வை அதைத் தாண்டி எட்டுக்குப் போனது.

"மிஸஸ் ரெஜினா, ஏழு" என்றார் டாக்டர்.

வேறு வழியில்லாமல் கேட்டேன். "ஒரு கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வாய்?"

ஜெனிட்டா கொஞ்சம் யோசித்தாள். "முதல்ல அவங்களுக்கு இதுவரைக்கும் எவ்வளவு தெரியும்னு கேப்பேன் மேடம். அப்புறம் சொல்லிடுவேன். லேட் பண்ண மாட்டேன். ஏன்னா அந்த டைம் என்னோடது இல்ல, அவங்களோடது."

ஜன்னலுக்கு வெளியே அன்று தூசிக்காற்று. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. டாக்டர் தலையாட்டினார். நான் தாளில் என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவருடைய அறையில் அவருக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

அவளைக் கராமாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றரை நாளை நினைத்தால் இப்போதும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. வெளியே தூசி, வீட்டுக்குள் மங்கலான மஞ்சள் வெளிச்சம், பிள்ளை சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மீன் குழம்பு வைத்தேன். எங்கம்மா வைக்கிற மாதிரியே இருக்கு ஆன்ட்டி என்றாள். புதன்கிழமை மத்தியானம் ஸ்டெல்லாவின் மெசேஜ் வந்தது. கண் திறந்து பார்த்தார், ஏதோ பேசினார் என்று இருந்தது. அப்போதே கிளம்பியிருந்தால், எல்லையில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துச் சாயங்காலத்துக்குள் சோஹார் போயிருக்கலாம். இரண்டு தடவை அவள் முன்னால் போய் நின்றேன். இரண்டு தடவையும் டீ வேணுமா என்று கேட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் அவளே வந்தாள். "ஆன்ட்டி, ஒரே ஒரு கால். பரீட்சைக்கு முந்தின நாள் அப்பா எனக்கு போன்லயே ஜெபம் பண்ணிவிடுவாங்க. எல்கேஜில இருந்து."

"டூட்டில இருப்பாரும்மா. நான் பண்ணிவிடுறேன்."

அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினேன். எல்லாரையும் காத்தருளும் என்று முடித்தேன். அவள் ஆமென் என்றாள். மனுசரிடம் சொன்ன பொய்யைக் கடவுள் முன்னாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று அவள் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடியும்போது ஸ்டெல்லா கூப்பிட்டாள். "முடிஞ்சிருச்சுக்கா" என்றாள். அழவில்லை. "இண்டர்வியூ எத்தன மணிக்கு?"

பத்து மணிக்கு என்றேன். அதற்குப் பிறகு ஜெனிட்டாவின் சட்டையை இஸ்திரி போட்டேன். இடியாப்பம் அவித்தேன். அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டேன். அப்பா இல்லாத பிள்ளைக்கு, அது தெரியாமலே, பின்னல் போட்டுவிட்டவள் நான். இதை எழுதுவதற்குப் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆன்ட்டி, அதே ஏழாவது கேள்வி! அப்படியே கேட்டாங்க!"

கார் நிறுத்துமிடத்தில், என் கணவர் காரை ஓட்டத் தயாராக வைத்திருந்தார். அங்கே வைத்துச் சொன்னேன். அவள் கத்தவில்லை. எப்போ என்று கேட்டாள். இன்னைக்குக் காலைல என்றேன். உங்களுக்கு எப்போ தெரியும் என்று கேட்டாள்.

"அவர் விழுந்தது செவ்வாய்க்கிழமை. அன்னைக்கே."

செவ்வாய், புதன் என்று விரலை மடக்கினாள். மடக்கிய இரண்டு விரலையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கேள்விய நீங்கதான கேட்டீங்க" என்றாள். அதன் பிறகு சோஹார் போகும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். மலைகளும் மணலும் ஜன்னலில் ஓடிக்கொண்டே இருந்தன. அவளுடைய போன் என் பையில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. என் கணவர்தான் எல்லையில் வாங்கி அவள் மடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இத்ரீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம். பிறகு ஜெனிட்டாவின் ஃபைலை என் முன்னால் வைத்து, மேஜை டிராயரிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் கையில் பேனாவை நான் பார்த்தது அன்றுதான்.

"எழுது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எனக்குத் தெரியும். மாணவிக்குத் தெரியாது. கையெழுத்துப் போடு."

எழுதினேன். "கலாஸ்", முடிந்தது, என்று ஃபைலை மூடினார். வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. ஆனால் அவர் ஓய்வு பெறும்வரை, ஏழாவது கேள்வியை எப்போதும் அவரே கேட்டார்.

ஜெனிட்டாவுக்கு இடம் கிடைத்தது. அப்பாவை ஊரில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தவள் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வந்தாள். நான் எழுதியதைப் படித்தாள். "நான் உள்ள போனதுக்கு நீங்க செஞ்சதே காரணமா இருக்கலாம் மேடம். ஆனா தேங்க்ஸ் சொல்ல முடியல" என்றாள். ஆன்ட்டி மறுபடியும் மேடம் ஆகியிருந்தது. அவ்வளவுதான், போய்விட்டாள். பல மாதம் கழித்து ஸ்டெல்லா சொன்னாள், அந்தப் புதன்கிழமை அமலதாஸ் கண் திறந்தபோது மகளைக் கேட்டாராம், இண்டர்வியூ என்றதும் முடிச்சிட்டு வரட்டும் என்றாராம். அது நிஜமா, இல்லை என் மனசு ஆறட்டும் என்று ஸ்டெல்லா சொன்னதா, தெரியாது. எங்கள் ஆட்கள் எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று எனக்கே பிடிபடுவதில்லை.

இத்தனை நாள் கழித்து இதையெல்லாம் தோண்டக் காரணம் மிருதுளா மட்டும் இல்லை.

இரண்டு மாதமாக எனக்கு வயிற்றில் வலி. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை பிரின்ஸி வாங்கிவந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "அல்சர்தாம்மா, மாத்திரைல சரியாயிரும்" என்றாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் மாதுளை ஜூஸ் வருகிறது. பால்கனியில் நின்று இங்கிலீஷில் ரகசியம் பேசுகிறாள். நாகர்கோவிலில் இருந்து என் தம்பி, பண்டிகைக்குக்கூடப் பேசாதவன், கூப்பிட்டு, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டு விம்முகிறான். இந்த வித்தையில் நானே கைதேர்ந்தவள். என்னிடமா?

என் வேலைக் காலத்துக்குப் பிறகு நான் அவ்வப்போது கணினியில் தேடிப் பார்த்த பேர் ஒன்றே ஒன்றுதான். துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் டாக்டராக இருக்கிறாள் என்று தெரியும். திங்கட்கிழமை பிரின்ஸி டூட்டிக்குப் போனதும், சாவியைக் கண்டுபிடித்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு துபாய் பஸ் ஏறினேன். எனக்கு உண்மை வேண்டும். அதை ஒளிக்காமல் சொல்லக்கூடியவள் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள். அவள் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னாலும் அது நியாயம்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். மலைகளுக்கு நடுவே பனிமூட்டம் மாதிரி வெயில் புகைந்துகொண்டிருந்தது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத நிலையில், முன் சீட்டில் அமலதாஸ் டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டாள். உள்ளே போனேன். ஜெனிட்டா நிமிர்ந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணாடி போட்டிருந்தாள். பேரை முன்னாலேயே பார்த்திருப்பாள், ஆச்சரியப்படவில்லை.

"கூட யாரும் வரலையா?"

"வந்தா காரிடார்லதான உக்காரணும்" என்றேன்.

அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். விரல் விரலாகத் துடைத்துவிட்டு வந்து, ரிப்போர்ட்டை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தாள். நான் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதுவரைக்கும் எவ்வளவு தெரியும்?"

"அல்சர்னு சொன்னாங்க. நான் நம்பல."

அவள் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலிலேயே பாதி எனக்குப் புரிந்துவிட்டது. அந்த லட்டுக்குப் பிறகு யாருக்கும் நான் பதில் சொல்லாத கேள்வி அப்போது என் வாயிலிருந்தே வந்தது.

"எத்தனை பர்சென்ட் பிள்ள? அதுக்குத் தக்கன ஜெபம் பண்ணணும்லா."

ஜெனிட்டா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு தன் நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே பாதி இங்கிலீஷில் பேசிய பிள்ளை அவள். அவள் வாயிலிருந்து அவள் அப்பாவின் பேச்சு வந்ததை அன்றுதான் கேட்டேன்.

"சொல்லுதேன் ஆன்ட்டி. எல்லாத்தையும் சொல்லுதேன்" என்றாள்.